மஞ்சளாகவே வந்த காலைகள்

ஒரு டப்பா மூத்திரத்தின் விலை ஒரு நங்கூரப் பட்டன். அது ஆரம்ப விலை. கொஞ்ச நாளில் இரண்டாக ஏறியது. அப்புறம் விற்றவர் முன்பணமும் கேட்க ஆரம்பித்தார். விற்றவருக்கு வயது ஐந்து, வாங்கியவருக்கு ஒன்பது. ஒரே அம்மா வயிற்றுப் பிள்ளைகள்.

ஒரு டப்பாவுக்கு ஒரு பட்டனா என்று நீங்கள் வாயைப் பிளக்கலாம். அந்த டப்பாவில் இருந்தது கோளாறு இல்லாத ஒரு உடம்பின் நற்சாட்சி. அதற்கு யாராலும் விலை போட முடியாது. விற்றவருக்கு அது தெரியாததால்தான் அவ்வளவு மலிவாகக் கிடைத்தது.

கீழே பட்டன் கடை, மேலே வீடு. கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் பட்டன்காரர் என்றே கூப்பிடுவார்கள். இரண்டு வெள்ளைப் பட்டனை உள்ளங்கையில் வைத்து, இது பால் வெள்ளை, இது சுண்ணாம்பு வெள்ளை, ஒரே சட்டையில் தைத்தால் போட்டுக்கொள்பவன் கல்யாணம் நின்றுபோகும் என்று சொல்லக்கூடியவர். கல்லாவில் அவர் மனைவி. ஜிப், நூல் பக்கம் மனைவியின் தம்பி. பிள்ளைகளுக்கு அவன் மாமா. வாய் நீளம், கை சுத்தம்.

மூத்தவளுக்குக் கடையில் மேனேஜர் என்று பெயர். பேச்சு திருந்தாத வயதிலேயே, பட்டனைப் பல்லால் கடித்துப் பார்த்த ஒரு தையல்காரரிடம், "கடிச்சா வாங்கணும்" என்று சொன்னவள். அன்றைக்கே பதவி உறுதியானது. இளையவன் சில்லறை. ஆளும் சின்னது, நடந்தால் பையில் எதுவாவது குலுங்கும்.

மேனேஜருக்கு ஒரு வேலை உண்டு. விடுமுறை நாட்களில் மாதிரி அட்டை தைப்பது. மூட்டையிலிருந்து பட்டனைக் கொட்டி, கீறல் இல்லாதது, ஓரம் உடையாதது, சாயம் திட்டாகப் பிடிக்காதது என்று பொறுக்கி, நிறத்துக்கு ஒன்றாக அட்டையில் தைக்க வேண்டும். வாங்க வருகிறவர் அட்டையைப் பார்த்து மூட்டைக்குச் சொல்வார். மூட்டைக்குள் நாலு உடைசல் இருக்கும். அது வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். அதற்குப் பொய் என்று யாரும் பேர் வைத்ததில்லை. அட்டையில் உடைசலைத் தைத்து வைக்கிறவன் வியாபாரி இல்லை, சாமியார். இதைப் பட்டன்காரர் மகளுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது.

நோய் வந்தது ஒரு சளிக்குப் பின்னால். சளி போய், இருமல் போய், பள்ளிக்கூடம் போகலாம் என்று இருந்த காலையில் மேனேஜரின் முழங்காலுக்குக் கீழே செம்மையும் ஊதாவுமாகப் புள்ளிகள். பட்டன்காரர் பார்த்தவுடன், புதுக் காலுறையின் சாயம் இறங்கிவிட்டது, விற்றவன் காலை உடைக்கிறேன் என்று கிளம்பினார். ஈரத் துணியால் துடைத்தார். போகவில்லை. விரலால் அழுத்தினார். அப்போதும் போகவில்லை. நிறத்தை அழுத்தினால் மறையுமா மறையாதா என்று அதற்கு முன்னால் அவர் யோசித்ததே இல்லை. மாலைக்குள் கணுக்கால் இரண்டும் வீங்கி, அவள் படி இறங்க முடியாமல் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினாள். மறுநாள் வயிற்றுவலியில் சுருண்டு படுத்துவிட்டாள்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் பார்க்கிற டாக்டரம்மா இவர்களுக்கு வாய்த்தார். அதிகம் பேசாதவர், பேசினால் மாற்றாதவர். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரர்களே குழம்பிப்போய் சின்ன ரத்தக் குழாய்களைப் புண்ணாக்கிவிடுகிறார்கள், அதுதான் நோய் என்றார். தோலில் இருக்கிற குழாய் புண்ணானால் புள்ளி, குடலில் என்றால் வலி. இது இரண்டும் தானாகவே ஆறிவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதோடு முடிந்துபோகும். ஆனால் சிறுநீரகத்திலும் அதே மாதிரி சின்னக் குழாய்கள் உண்டு. அங்கே புண்ணானால் வலிக்காது, வெளியே தெரியாது. மூத்திரம் மட்டும்தான் சொல்லும். புள்ளி மறைந்து வெகுநாள் கழித்துக்கூட வரலாம். அதனால் ஆறு மாதம் விடாமல் பார்க்க வேண்டும்.

பட்டன்காரருக்கு ஒரு எண் காதில் விழுந்தால் சும்மா இருக்க வராது. ஆறு மாதம் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது, மூன்றில் முடித்துக்கொள்ளலாமே என்றார்.

"ஆறுங்கிறது நான் சொல்ற விலை இல்லை சார். நோய் சொல்றது. வேணும்னா அதுகிட்ட பேசிப் பாருங்க."

பட்டன்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன விலைக்கே ஒத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டிலேயே பார்க்க ஒரு குப்பி நிறையச் சோதனைப் பட்டை கொடுத்தார்கள். ஸ்ட்ரிப் என்றார்கள். காலையில் முதல் மூத்திரத்தை டப்பாவில் பிடித்து அதில் முக்கி எடுத்து, கொஞ்ச நேரம் பொறுத்து, குப்பியின் மேல் ஒட்டியிருக்கிற நிறங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். மஞ்சளாகவே இருந்தால் நல்லது. பச்சை பக்கம் போகப் போகக் கெட்டது. நிறம் பார்த்தே சாப்பிடுகிற குடும்பத்துக்கு இதைவிட லேசான வேலை கொடுக்க முடியாது. முதல் வாரம் இவர்களுக்கு அது ஒரு பெருமையாகவே இருந்தது. பட்டன்காரர் ஸ்ட்ரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எலுமிச்சைக்கும் வெண்ணெய்க்கும் நடுவில் என்று தீர்ப்புச் சொல்வார். மாமா, கொஞ்சம் நரைத்த மஞ்சள் என்பான். அம்மா இரண்டு பேரையும் விரட்டிவிட்டு, மஞ்சள்தானே, வாயை மூடுங்கள் என்பாள்.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள் பச்சை வந்தது. இளம்பச்சைதான். கட்டத்தில் முதல் படி.

அன்று அந்த வீட்டில் நடந்ததை மேனேஜர் கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தட்டில் போட்டதைப் போட்டபடியே விட்டுவிட்டு எழுந்துபோனாள். அப்பா, சோற்றில் உப்பைக் குறைக்கச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன் என்று ஆரம்பித்தார். அம்மா, உங்கள் கடைத் தூசியில் பிள்ளையை உட்காரவைத்தது யார் என்றாள். பேச்சு உப்பிலிருந்து தூசிக்கும், தூசியிலிருந்து அவரவர் பிறந்த வீட்டுக்கும் போய், கடைசியில் இரண்டு பேரும் பேசாமல் ஆளுக்கு ஒரு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா மறுநாளும் சாப்பிடவில்லை. டாக்டரம்மாவிடம் ஓடினார்கள். லேசாகத்தான் இருக்கிறது, தானே போகலாம், தினமும் பாருங்கள், கூடினால் அன்றைக்கே வாருங்கள் என்றார். சொன்ன மாதிரியே சில நாளில் மஞ்சளானது. அம்மா அத்தனை நாள் பசியையும் ஒரே வேளையில் தீர்த்தாள். அப்பா படியிறங்கும்போது சீட்டியடித்தார். கீழே வந்தவுடன் ஒரு வாடிக்கையாளருக்குக் கேட்காமலேயே விலை குறைத்தார். மாமா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

அதற்குள் புள்ளிகள் மறைந்து, கால் சரியாகி, மேனேஜர் பழையபடி ஓடத் தொடங்கியிருந்தாள். ஸ்ட்ரிப் பார்க்கிற பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டாள். குளியலறைக்குள் போய், முக்கி, வெளியே வந்து காட்டுவாள். ஒன்பது வயதுப் பெண், கூச்சம் இருக்காதா என்று அம்மாவும் விட்டுவிட்டாள்.

பிறகு ஒரு காலை மறுபடி பச்சை. இந்தத் தடவை முதல் படி இல்லை.

வெளியே அம்மா கதவைத் தட்டி, என்ன நிறம் என்று கேட்டாள். மேனேஜர் ஸ்ட்ரிப்பைப் பார்த்தாள். "இன்னும் வரலைம்மா" என்றாள். டப்பாவைக் கொட்டிக் கழுவினாள். அம்மா அடுப்பைப் பார்க்கப் போன சமயம் பார்த்து வெளியே வந்து, தூங்கிக்கொண்டிருந்த தம்பியை எழுப்பினாள்.

சில்லறைக்கு விஷயம் புரியவே இல்லை. புரியாவிட்டாலும் அக்காவுக்கு அவசரம் என்பது புரிந்தது. அவசரத்தில் வருகிறவனிடம் விலையைக் குறைக்காதே என்பது அந்த வீட்டில் தாய்ப்பாலோடு வருவது. கண்ணைக் கசக்கிக்கொண்டே, "என்ன தருவே?" என்றான். கப்பல் நங்கூரம் போட்ட பித்தளைப் பட்டன் மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அங்கேயே படிந்தது பேரம். கூடவே ஒரு நிபந்தனை: யாரிடமும் சொன்னால் வியாபாரம் ரத்து, பட்டனும் திரும்ப வாங்கப்படும்.

கொஞ்ச நேரத்தில் அம்மா கையில் எலுமிச்சை மஞ்சளில் ஒரு ஸ்ட்ரிப். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

அதற்குப் பிறகு தினமும் மஞ்சள். சரக்கு தட்டுப்பாடில்லாமல் வர மேனேஜர் என்னவெல்லாம் செய்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. படுக்கும்போது தம்பிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் கட்டாயம். அவன் அதற்கும் தனியாகக் கூலி கேட்டான். ஒருநாள் அவன் அவ்வளவையும் படுக்கையிலேயே விட்டுவிட, கையிருப்பு இல்லாமல் திண்டாடி, ஸ்ட்ரிப் கீழே விழுந்து நனைந்துவிட்டது என்று சமாளித்தாள். மறுநாளிலிருந்து ஒரு பழைய குப்பியில் ஒருநாள் சரக்கு முன்கூட்டியே எடுத்துவைத்தாள். இதை வேறு எதற்காகச் செய்திருந்தாலும் அந்தத் தெருவே அவளைத் தோளில் தூக்கியிருக்கும்.

ஆஸ்பத்திரிக்கும் காலையின் முதல் மூத்திரத்தைத்தான் குப்பியில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதுவும் வீட்டிலிருந்தே போனது. அங்கேயும் சுத்தம். ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதல். மாடிப்படி ஏறி வந்தாளே, ஊசிக்குப் பயந்திருப்பாள் என்று நர்ஸ் இரண்டாம் தடவை எடுத்தார். அப்போதும் கூடுதல்தான். டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார், மூத்திர ரிப்போர்ட்டை மறுபடி புரட்டினார், இரண்டு வாரத்தில் கூட்டி வாருங்கள் என்று முடித்துவிட்டார்.

இந்த நேரத்தில் மேனேஜருக்குக் கன்னத்தில் சதை வைத்தது. கண்ணுக்குக் கீழே காலையில் கொஞ்சம் உப்பியிருக்கும். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. நோயில் எலும்பாகப் போன பிள்ளை தேறிவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். கண்ணாடி முன்னால் நிறுத்தி, "என் கண்ணே பட்டுடும் போல இருக்குடி" என்றாள். காலுறையைக் கழற்றினால் காலில் வரி வரியாகப் பள்ளம் விழுந்தது. காலுறை இறுக்கம், பிள்ளை வளர்கிறாள் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கிவந்தாள்.

தன் மூத்திரம் என்ன நிறத்தில் போகிறது என்று அந்த வீட்டில் பார்த்தது மேனேஜர் ஒருத்திதான். முதலில் கலங்கல். அப்புறம் நுரை. அப்புறம் பால் விடாத தேநீர். தினமும் காலையில் தனியாக நின்று பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள்.

வெளிவந்தது கடையில். பள்ளிக்கூட பேண்டு வாத்தியக் குழுவுக்குச் சட்டை தைக்கிற ஒருவர் நங்கூரப் பட்டன் மொத்தமாகக் கேட்டு வந்தார். மாமா பெட்டியைக் கொட்டி எண்ணினால் நிறையக் குறைந்தது. எலி பித்தளை தின்னாது. மாமா வந்தவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு நேரே மாடிக்குப் போனான். சில்லறையின் பழைய காலுறை ஒன்று கட்டில் காலில் தொங்கிக்கொண்டிருந்தது, மாம்பழம் போட்ட மாதிரி கனமாக.

திருடினாயா என்று மாமா கேட்டான். சில்லறைக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. விற்றுச் சம்பாதித்தது என்றான். என்னடா விற்றாய் என்றால், சொன்னால் வியாபாரம் கெட்டுவிடும் என்றான். மாமா கெஞ்சி, மிரட்டி, கடைசியில் அந்த ரகசியத்துக்கே ஒரு கண்ணாடிப் பட்டன் விலை பேசி வாங்கினான்.

கேட்டவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்படியே படியில் உருண்டு கீழே போய், "அத்தான், நீங்க நானெல்லாம் சும்மா. உங்க புள்ள மூத்திரத்தை வித்து மூட்டை கட்டியிருக்கான்" என்றான். விவரம் கேட்டுப் பட்டன்காரரும் சிரித்தார். முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் முன்பணமா என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். யார் வயிற்றில் பிறந்தவன் என்று மேஜையைத் தட்டினார். அந்தத் தெருவில் பிறந்த யாராக இருந்தாலும் முதலில் பேரத்தைத்தான் பார்த்திருப்பார்கள். நல்ல பேரம். அதில் சந்தேகமே இல்லை.

கல்லாவில் இருந்த அம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"அப்போ அவளோடது எங்கே?" என்றாள்.

சிரிப்பு எங்கே நின்றது என்று பட்டன்காரருக்குப் பின்னால் எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

மேனேஜர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அம்மா அவளைக் குளியலறைக்குக் கூட்டிப் போனாள். டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தாமல் நின்றாள். ஸ்ட்ரிப்பை முக்கியதும் பொறுத்துப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. கட்டத்தின் கடைசியில் இருக்கிற கரும்பச்சை. அதற்கு மேல் குப்பியில் நிறம் இல்லை.

அம்மா அடிக்கக் கை ஓங்கினாள், அந்தக் கையாலேயே பிள்ளையைப் பிடித்து இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். ஏன்டி, ஏன்டி என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பச்சையா வந்தா நீ சாப்பிட மாட்டேங்குறே" என்றாள் மேனேஜர்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் பட்டன்காரர்தான் சொன்னார். மகன், மகள், டப்பா, பட்டன் என்று துண்டு துண்டாகச் சொன்னார். டாக்டரம்மா திட்டவில்லை. முன்னால் எடுத்த ரத்த அழுத்தக் குறிப்பை மட்டும் ஒருதரம் எடுத்துப் பார்த்துவிட்டு மூடினார். அன்றைக்கே படுக்கை போட்டார்கள். ஊசியால் சிறுநீரகத்திலிருந்து நூல் மாதிரி ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். அதிலுள்ள சின்ன வடிகட்டிகளில் பாதிக்கு மேல் பிறை பிறையாகத் தழும்பு கட்ட ஆரம்பித்துவிட்டது என்றார்கள்.

மருந்துகள் கடுமையானவை. ஸ்டீராய்டு நரம்பு வழியாகப் போனது, அப்புறம் மாத்திரையாக. கூடவே உடம்பின் காவலை மொத்தமாக அடக்கிவைக்கிற வேறு மருந்தும். பட்டன்காரர் ஒவ்வொன்றுக்கும் என்ன ஆகும் என்று கேட்டார். முகம் வீங்கும், முடி கொட்டலாம், சின்னச் சளிகூடப் பெரிதாகப் பிடிக்கும், உயரம் கொஞ்சம் தடைபடும் என்றார் டாக்டரம்மா. இதையெல்லாம் கொடுத்தால் பதிலுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார் பட்டன்காரர். கிடைக்கலாம் என்று மட்டும்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. இப்படி ஒரு வியாபாரத்தை யாராவது அவர் கடையில் வந்து சொல்லியிருந்தால் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருப்பார். இங்கே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் சில்லறையை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாததுதான் அவனைப் பிடித்தது. அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரியில் இருக்க, மாமாவோடு தனியாக இருந்தான். கட்டில் காலில் தொங்கிய காலுறையைத் தானே கழற்றிக் கொண்டுபோய்ப் பெட்டியில் கொட்டினான். ஒருநாள் விடிந்ததும் மாமா எழுந்து வந்தால், குளியலறைக் கதவின் முன்னால் டப்பா நிறைய வைத்துவிட்டு, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்காவுக்குக் குடு மாமா. சும்மாதான். பட்டன் வேண்டாம்."

மாமா அதை வாங்கிக்கொண்டான். கொடுத்துவிடுகிறேன் என்றான். அன்றிலிருந்து அக்கா வீடு திரும்புகிறவரை தினமும் வாங்கிக்கொண்டான்.

மாதங்கள் ஓடின. மேனேஜர் வீட்டுக்கு வந்தாள், போனாள், மறுபடி படுத்தாள், மறுபடி வந்தாள். முகம் நிலா மாதிரி வட்டமாகிவிட்டது. கண்ணாடியைப் பார்த்து, பெரிய கோட்டுக்குத் தைக்கிற பட்டன் மாதிரி இருக்கேன் என்று அவளே சொல்லிக்கொண்டாள். அம்மா இப்போது யாரும் சொல்லாமல் சாப்பிட்டாள், மகள் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்து, கடைசிப் பருக்கை வரை. மகள் அந்தப் பக்கம் திரும்பியதும் என்ன ஆகும் என்று மாமாவுக்குத்தான் தெரியும்.

மருந்துகளின் கெடு முடிந்து கணக்குப் பார்க்கிற நாள் வந்தது. ரத்தம் எடுத்து, எல்லாம் அளந்து, டாக்டரம்மா பெற்றவர்களை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அழற்சி அடங்கிவிட்டது. தழும்பான இடம் தழும்பானதுதான், திரும்பாது. நூறு பங்கு வேலை செய்ய வேண்டிய இடத்தில் முப்பத்தைந்து பங்கு மிச்சம். உணவு, மருந்து, ரத்த அழுத்தம் எல்லாம் ஒழுங்காகப் பார்த்தால் இது சில வருடம் தாங்கும். எத்தனை வருடம் என்று தெரியாது. அதற்குப் பிறகு ரத்தத்தைச் சுத்திகரிக்கிற இயந்திரம், அல்லது வேறு ஒருவர் சிறுநீரகம்.

பட்டன்காரர் ஒன்றே ஒன்று கேட்டார். போன அறுபத்தைந்தில் எங்கள் பங்கு எவ்வளவு? அவள் மறைத்த முதல் பச்சைக்கே கொண்டுவந்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

டாக்டரம்மா அதைப் பிரிக்க முடியாது என்றார். அன்றைக்கே வந்தும் இப்படிப் போன பிள்ளைகள் உண்டு. வந்து, ஒன்றும் ஆகாமல் பிழைத்த பிள்ளைகளும் உண்டு. இவள் எந்தப் பக்கம் இருந்திருப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

நஷ்டத்தைத் தாங்குகிற குடும்பம் அது. வெள்ளத்தில் சரக்கு போயிருக்கிறது, கடன் வாங்கினவன் ஓடிப்போயிருக்கிறான். ஆனால் எது எவ்வளவில் போனது என்று தெரியாத நஷ்டத்தை அவர்கள் பார்த்ததில்லை. நடைக்கூடத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் இரண்டு பேரும் ஏலம் போட ஆரம்பித்தார்கள். முழுதும் என் தலையில் எழுதுங்கள், பெற்றவள் நான், முகம் வீங்கினதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் நான் என்றாள் அம்மா. நான்தான் காரணம், அன்றைக்கு உப்பு, தூசி என்று கத்தாமல் இருந்திருந்தால் பிள்ளைக்கு ஏன் பயம் வருகிறது என்றார் அப்பா. இலாபத்துக்குக்கூட இவர்கள் இவ்வளவு விட்டுக்கொடுக்காமல் பேசி யாரும் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் ரத்தம் எடுத்த கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பின்னால் மாமா, அவன் இடுப்பில் சில்லறை.

"எவ்வளவுப்பா?" என்றாள்.

பட்டன்காரர் பொய் சொல்லலாமா என்று பார்த்தார். பொய்யால் வந்த வினை போதும் என்று தோன்றியிருக்க வேண்டும். முப்பத்தைந்து என்று சொல்லிவிட்டார்.

"அப்போ அறுபத்தஞ்சு போச்சு. யாரால?"

அவர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார். பிரிக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னால், இவள் அவ்வளவையும் தானே எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று அவருக்குத் தெரியும். அதனால் பிரித்தார். மனம்போனபடிதான்.

"நோயால நாப்பதும்மா. அது எப்படியும் போயிருக்கும். பாக்கி என்னால. நான் கத்தினது. பதினஞ்சு."

"என்னை விட்டுட்டுக் கணக்கை முடிச்சிடுவீங்களா?" என்றாள் அம்மா. "என் பேர்ல அஞ்சு."

மேனேஜர் விரலை மடக்கவில்லை. அவளுக்கு அது தேவைப்பட்டதில்லை. "அறுபதுதான்பா வருது. அஞ்சு குறையுது."

வாழ்நாளில் கூட்டலில் தவறாத மனிதருக்கு அன்று எண் கை நழுவிவிட்டது. அவர் வாயைத் திறக்குமுன் மாமா, "அது என்னுது" என்றான். "நான் சிரிச்சேன்ல. கடையில, விழுந்து விழுந்து. அதுக்கு அஞ்சு."

மேனேஜர் மாமாவை ஏற இறங்கப் பார்த்தாள். சரக்கை எடை போடுகிற பார்வை.

"சிரிச்சதுக்கு அஞ்சா? ரொம்ப அதிகம் மாமா. ஒண்ணு போடலாம்."

நாலுக்கு முடிச்சுக்கோ என்று மாமா கெஞ்சினான். சிரித்தால் சிறுநீரகம் கெடுமா, நீ கேட்டதே எல்லாம் முடிந்த பிறகுதானே என்றாள். பட்டன்காரர் குறுக்கே வந்து, பெரியவங்க சொன்னா ஒத்துக்கணும்மா, அஞ்சுன்னா அஞ்சுதான் என்றார். அவர் குரல் கடையில் இறங்கினதே இல்லை, இங்கே இறங்கியது. அவள் அசையவில்லை. கடைசியில், "ரெண்டு. அதுக்கு மேல போகாது" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். கடைசி விலை சொன்ன பிறகு பேசுகிறவன் தோற்பான் என்பதும் அவள் கடையில் கற்றதுதான். யாரும் பேசவில்லை. பேசினால் என்ன கேட்பாள் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

மாமாவின் இடுப்பிலிருந்து சில்லறை, தனக்கு எவ்வளவு என்று கேட்டான்.

"உனக்கு ஒண்ணும் இல்லடா" என்றாள் மேனேஜர். "நீ நல்ல சரக்குதான் குடுத்தே."

பிறகு அம்மாவின் தோளில் வட்ட முகத்தைச் சாய்த்துக்கொண்டு, மொத்தத்தையும் ஒருதரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். நோய் நாற்பது. அப்பா பதினைந்து. அம்மா ஐந்து. மாமா இரண்டு. தம்பி இல்லை. மேனேஜர் மூன்று. ஆக அறுபத்தைந்து.